மாணவியிலிருந்து ஸ்டாஃப் நர்ஸாக: இறுதி ஆண்டு நர்சிங் மாணவிகளை வார்டுப் பொறுப்புக்குத் தயார் செய்யும் முழுமையான வழிகாட்டி

ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த முதல் மாதம். ஆண்கள் சர்ஜிக்கல் வார்டில் நைட் டியூட்டி. ஏழாவது கட்டிலில் குடல் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாளில் ஒரு பெரியவர். கோபி பக்கம் வாழைத் தோட்டக்காரர். நள்ளிரவுச் சுற்றில் "எப்படி இருக்கிறீர்கள் அப்பாரு?" என்று கேட்டேன். "ஒன்றும் இல்லைங்க கண்ணு, நீ போய் மற்றவர்களைப் பார்" என்றார். பல்ஸ் பார்த்தேன், பி.பி. பார்த்தேன், சுவாசத்துக்கான கட்டத்தில் 20 என்று எழுதினேன். அதற்கு மேலே எட்டு மணிக்கு எழுதியவரும் 20 என்றுதான் எழுதியிருந்தார். மாலை நான்கு மணிக்கும் அதே 20.

விடியற்காலை நாலரை மணிக்கு வார்டுக்குள் வந்த இன்சார்ஜ் சிஸ்டர் அந்தக் கட்டிலைக் கடந்து போகாமல் நின்றார். போர்வையின் மேல் பார்வையை வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தில் ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினார். "முப்பத்திரண்டு" என்றார். என்னைத் திட்டவில்லை. பெரியவர் ஐ.சி.யூ.வுக்குப் போனார். பதினொரு நாள் கழித்து வீட்டுக்கும் போனார் என்பதால்தான் இதை இன்று என்னால் எழுத முடிகிறது.

சுவாசத்தை எண்ண எனக்குத் தெரியாதா? தெரியும். செய்முறைத் தேர்வில் அதற்கு நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான். ஆனால் மூன்று ஆண்டுகளும் நான் எழுதிய எண்ணுக்குப் பின்னால் எப்போதும் ஒரு டியூட்டரோ ஒரு சீனியரோ இருந்தார்கள். அன்றிரவு யாரும் இல்லை. அந்தப் பெரியவர் இன்னொருவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று பேசாமல் இருந்தார். ஏதோ சரியில்லை என்று எனக்கும் தோன்றியது. சிஸ்டரை எழுப்பத் தயங்கி நானும் பேசாமல் இருந்தேன். இரண்டு பேருடைய மரியாதையும் சேர்ந்து ஒரு உயிரைக் கொண்டுபோகப் பார்த்தது.

இப்போது நான் டியூட்டர். சத்தியமங்கலம், காங்கேயம், தாராபுரம், பொள்ளாச்சி, பரமத்தி என்று கொங்குச் சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் பிள்ளைகள்தான் என் மாணவிகள். பெரியவர்கள் முன்னால் குரலை உயர்த்தாமல் வளர்ந்தவர்கள். அவர்களின் கை வேலை பற்றி எனக்குக் கவலை இல்லை, அது ஆறு மாதத்தில் தானே வந்துவிடும். வாய்தான் கவலை. கல்லூரி ஆசிரியர்கள், வார்டு இன்சார்ஜ்கள், இறுதி ஆண்டு மாணவிகள் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

படிப்பு முடிந்து வேலையில் சேரும்போது வரும் இந்த அதிர்ச்சி புதிதல்ல. 1974இலேயே அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் மார்லின் கிராமர் இதற்கு 'ரியாலிட்டி ஷாக்' என்று பெயர் வைத்துவிட்டார். நர்ஸின் வளர்ச்சியைப் புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டிய பாட்ரிசியா பென்னர், 1984இல் இன்னொன்றையும் சொன்னார்: எவ்வளவு அனுபவம் உள்ள நர்ஸும் பழக்கமில்லாத பிரிவுக்கு மாறினால் மறுபடி கீழ்ப்படியில்தான் நிற்பார். புதிதாக வந்த பிள்ளையைப் பார்த்து "நாலு வருஷம் என்ன படித்தாய்?" என்று கேட்கும் சீனியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

முதல் படி: லாக் புக்கை நம்பாதீர்கள்

தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். லாக் புக்கில் எல்லாச் செய்முறைக்கும் கையெழுத்து இருக்கும். அதை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு மாணவியையும் தனியாக உட்கார வைத்து, ஒவ்வொரு செய்முறைக்கும் நேராக ஒரு எண்ணை எழுதச் சொல்லுங்கள். பார்த்திருந்தால் 1, கூட நின்று உதவியிருந்தால் 2, மேற்பார்வையில் செய்திருந்தால் 3, தனியாகச் செய்வேன் என்றால் 4. மதிப்பெண் கிடையாது, யாரிடமும் காட்ட மாட்டேன் என்று முதலிலேயே உறுதி கொடுத்துவிடுங்கள்.

வரும் பதில்கள் உங்களைத் தூக்கிவாரிப் போடும். நான் முதல் முறை இதைச் செய்தபோது, யூரின் கதீட்டர் போடுவதில் கையெழுத்து வாங்கிய பாதிப் பேர் 1 என்று எழுதினார்கள். ஒரு நோயாளியைச் சுற்றிப் பன்னிரண்டு மாணவிகள் நின்றால் வேறு என்ன நடக்கும்? இனி யாரை எந்த வார்டுக்கு அனுப்புவது என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வென்ஃபிளான் (டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாய்) போட வராத பிள்ளையை ஓ.பி.யில் சீட்டு எழுத வைக்காமல், கேஷுவாலிட்டிக்கு அனுப்புங்கள்.

பி.எஸ்சி. நர்சிங்கில் செமஸ்டர் முறை வந்த பிறகு கடைசி செமஸ்டரில் இன்டர்ன்ஷிப் இருக்கிறது. பல இடங்களில் அது ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கும் ஏற்பாடாகவே நடக்கிறது. மாணவியைக் காலை முழுக்க லேபுக்கும் மருந்தகத்துக்கும் ஓட விட்டால் அவளுக்குக் கால் வலிதான் மிஞ்சும். இன்சார்ஜிடம் இதைப் பேச வேண்டியது டியூட்டரின் வேலை. மாணவியால் பேச முடியாது.

இரண்டாம் படி: ஒரு கட்டிலிலிருந்து நான்கு கட்டிலுக்கு

கல்லூரியில் மாணவிக்கு ஒரு நோயாளியைத்தான் கொடுக்கிறோம். அவருக்காகப் பத்துப் பக்க கேர் பிளான் எழுதுகிறாள். வேலையில் சேர்ந்த அன்று எட்டு, பத்து என்று கைக்கு வருகிறார்கள். அவளைத் தடுமாற வைப்பது இந்த எண்ணிக்கை.

அதனால் இன்டர்ன்ஷிப்பின் முதல் இரண்டு வாரம் இரண்டு நோயாளிகள், அடுத்த மூன்று வாரம் நான்கு, அதன்பின் ஆறு என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ஹேண்ட்ஓவர் வாங்குவதிலிருந்து ஹேண்ட்ஓவர் கொடுப்பது வரை முழு ஷிஃப்ட்டும் அவளுடையது. நீங்கள் பக்கத்தில் நிற்கலாம், கையைக் கட்டிக்கொண்டு. அது கற்றுக்கொடுப்பதைவிடச் சிரமமான வேலை.

ஒரு வெள்ளைத்தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைக்கும் பழக்கத்தை உண்டாக்குங்கள். ஒரு மடிப்புக்கு ஒரு நோயாளி: கட்டில் எண், நோய், ஒவ்வாமை, எந்த மணிக்கு என்ன மருந்து, எந்தப் பரிசோதனை முடிவு வர வேண்டும், எதைக் கண்டால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். கடைசியாகச் சொன்ன வரிதான் முக்கியம். பெரும்பாலான பிள்ளைகள் அதை எழுதுவதே இல்லை.

எதை முதலில் பார்ப்பது என்பதற்கு வகுப்பில் நான் கொடுக்கும் ஒரு கணக்கு இது. காலை ஏழே கால். மூன்றாம் கட்டிலில் சர்க்கரை நோயாளி; குளுக்கோமீட்டரில் 64, டிஃபன் இன்னும் வரவில்லை, காலை இன்சுலின் எழுதியிருக்கிறது. ஐந்தாம் கட்டில் எட்டு மணிக்கு தியேட்டருக்குப் போக வேண்டிய ஹெர்னியா. சம்மதப் படிவத்தில் கையெழுத்து இல்லை. எட்டாம் கட்டிலில் டிரிப்ஸ் வெளியேறிக் கை வீங்கியிருக்கிறது, கூட இருப்பவர் வார்டே அதிரக் கத்துகிறார். பதினொன்றாம் கட்டிலில் நேற்று வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட அறுபது கிலோ எடையுள்ள அம்மா. அமைதியாகப் படுத்திருக்கிறார், நள்ளிரவிலிருந்து யூரின் பையில் 40 மில்லிதான்.

ஏறக்குறைய எல்லா மாணவிகளும் எட்டாம் கட்டிலுக்கு ஓடுகிறார்கள். சத்தம் அங்கேதான். நான் எதிர்பார்க்கும் பதில் வேறு. 64 என்றால் சர்க்கரை இறங்கிவிட்டது; இன்சுலினை நிறுத்தி வைத்து, நினைவு தெளிவாக இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். கொடுத்துவிட்டு வரும் வழியில் எட்டாம் கட்டிலின் டிரிப்ஸ் உருளையை மூடிவிட்டு, "ஐந்து நிமிடத்தில் வந்து வேறு கையில் போடுகிறேனுங்க" என்று ஒரு வார்த்தை. அடுத்து நேராகப் பதினொன்றுக்கு. அந்த எடைக்கு மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் வர வேண்டும். ஏழு மணி நேரத்துக்கு 200க்கு மேல் இருந்திருக்க வேண்டும். குழாய் மடங்கியிருக்கிறதா, பல்ஸ் ஏறுகிறதா, பி.பி. இறங்குகிறதா, வயிறு உப்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு டாக்டரை அழைக்க வேண்டும். அந்த நாலு கட்டில்களில் உண்மையான ஆபத்து, வாயே திறக்காத அந்த அம்மாவுக்குத்தான். ஐந்தாம் கட்டிலில் அறுவை சிகிச்சையை விளக்கிச் சம்மதம் வாங்குவது சர்ஜனின் பொறுப்பு. கையெழுத்து இல்லை என்பதை அவருக்குத் தெரிவிப்பது நம் பொறுப்பு. அவசரத்துக்கு நாமே பேனாவை நீட்டிவிடக் கூடாது.

மூன்றாம் படி: எண்ணியதை மட்டும் எழுதுவது

என் 20 கதையை ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நிலைமை மோசமாகும்போது பல நேரங்களில் பி.பி.க்கு முன்பே மாறுவது சுவாச எண்ணிக்கை. அதை எந்த மானிட்டரும் நமக்காக நம்பகமாக எண்ணித் தராது என்பதால் எல்லா வார்டிலும் அதுதான் கற்பனையாக நிரப்பப்படும் கட்டம்.

பயிற்சி எளிது. பல்ஸ் பிடித்த கையை எடுக்காமல், பல்ஸ் எண்ணி முடித்த பிறகும் மணிக்கட்டைப் பிடித்தபடியே மார்பைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிக்கொள்வார். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. ஒரு வார்டின் சார்ட்டை எடுத்து, எத்தனை கட்டில்களில் 20 என்ற எண் மூன்று வேளையும் மாறாமல் இருக்கிறது என்று மாணவிகளையே பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு பாடம் நடத்த வேண்டிய தேவையே இருக்காது.

நான்காம் படி: 'ங்க' இருக்கட்டும், வார்த்தையும் இருக்கட்டும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த எஸ்.பி.ஏ.ஆர். முறை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது: இப்போதைய நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் வேண்டுகோள். மாணவிகள் இதை ஒப்பிப்பார்கள். நிஜமாக டாக்டருக்கு போன் செய்யும்போது நடப்பது இதுதான்: "சார், தூங்கிவிட்டீர்களாங்க? தொந்தரவுக்கு மன்னித்துக்கொள்ளுங்க. பதினொன்றாம் பெட் அம்மா கொஞ்சம் ஒரு மாதிரியாக இருக்கிறார்ங்க." மறுமுனையில் "சரி, பார்த்துக்கொள்" என்று சொல்லி போன் வைக்கப்படுகிறது. தவறு தூங்கியவர் மேல் மட்டும் இல்லை. 'ஒரு மாதிரி' என்பதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

அதே அழைப்பு இப்படி இருக்கலாம்: "சார், பெண்கள் சர்ஜிக்கல் வார்டிலிருந்து பேசுகிறேனுங்க. பதினொன்றாம் பெட், நேற்று லேப்ரோட்டமி முடிந்தவர். ஏழு மணி நேரத்தில் யூரின் 40 மில்லிதானுங்க. பல்ஸ் 118, பி.பி. 94க்கு 60, சுவாசம் 26. கதீட்டர் அடைக்கவில்லை, பார்த்துவிட்டேன். உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறதுங்க. நீங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டுமுங்க. வருவதற்குள் என்ன ஃபுளூயிட் போடட்டும்?"

'ங்க' ஒன்றுகூடக் குறையவில்லை, எண்ணிப் பாருங்கள். மரியாதையைக் கைவிட்டால்தான் துணிச்சல் வரும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் மிகக் கடுமையான உண்மையைக்கூட 'ங்க' சேர்த்துச் சொல்லிவிடலாம். தோட்டத்துப் பாதை வழக்கில் பங்காளியிடம் "நீங்கள் சொல்வது பொய்யுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஊர் இது. அந்தத் திறமையை வார்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இதற்கு வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நீங்கள் எரிச்சலான டியூட்டி டாக்டராக நடியுங்கள். பாதியில் குறுக்கிடுங்கள், "இதற்கெல்லாமா கூப்பிடுவாய்?" என்று கேளுங்கள். அழும் பிள்ளைகள் இருப்பார்கள். வகுப்பறையில் அழுதுவிடுவது நல்லது. முதலில் சொன்னது எடுபடவில்லை என்றால் இரண்டாவது முறை "எனக்குக் கவலையாக இருக்கிறதுங்க சார்" என்று சொல்ல வேண்டும். அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்த மேல்நிலை டாக்டர், நைட் சூப்பர்வைசர் என்று மேலே போக வேண்டும். யாருக்கு அடுத்து யார் என்ற வரிசையையும் எண்களையும் முதல் நாளே தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். போனில் வாய்மொழியாக வரும் உத்தரவை எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, நேரம் குறித்து, டாக்டர் வந்ததும் கையெழுத்து வாங்க வேண்டும். "பதினைந்தா, ஐம்பதா?" என்று ஆங்கிலத்தில் காதில் விழும் குழப்பம் நிஜமானது. எண்களைத் தனித்தனியாகச் சொல்லிச் சரிபார்ப்பது நல்லது: ஒன்று-ஐந்து, ஐந்து-பூஜ்யம்.

ஐந்தாம் படி: மருந்தும் கணக்கும்

சரியான நோயாளி, சரியான மருந்து என்று தொடங்கும் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். கால்குலேட்டர் இல்லாமல் கணக்குப் போடச் சொன்னால்தான் திணறல். தினமும் காலை ரிப்போர்ட்டுக்கு முன் ஒரு கணக்கு. 500 மில்லி பாட்டில், ஆறு மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு செட்: 500ஐ 20ஆல் பெருக்கி 360 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 28 சொட்டு. இதைப் பத்து நொடியில் சொல்லும் வரை விடாதீர்கள்.

இரண்டு விஷயங்களை மட்டும் கையில் பொருளை வைத்துக்காட்டிச் சொல்லிக்கொடுங்கள். ஒன்று இன்சுலின். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் பாட்டிலும் 100 யூனிட் பாட்டிலும் சேர்ந்தே புழங்குகின்றன. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 25 யூனிட். மேசையில் நான்கையும் கலைத்து வைத்துச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முறை கையால் செய்தால் மறக்காது.

இன்னொன்று பொட்டாசியம் குளோரைடு. அந்த ஆம்பூலை நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். டிரிப்ஸில் நன்றாகக் கலந்து, மெதுவாக மட்டுமே. கலக்கும்போது இரண்டாவது நர்ஸ் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நீங்கள் விடையைச் சொல்லிவிட்டு "சரிதானே அக்கா?" என்று கேட்டால் எந்த அக்காவும் சரி என்றுதான் சொல்வார். அதைச் சரிபார்த்தல் என்று சொல்ல மாட்டேன்.

தவறு நடந்துவிட்டால்? முதலில் நோயாளியைப் பார், பிறகு டாக்டர், பிறகு இன்சார்ஜ், பிறகு எழுத்து. இந்த வரிசையைச் சுவரில் ஒட்டலாம். ஒட்டினால் போதாது, தவறைச் சொன்ன முதல் மாணவியை நீங்கள் எப்படி நடத்தினீர்கள் என்பதை வைத்துத்தான் மற்றவர்கள் உங்களை நம்புவார்கள்.

ஆறாம் படி: நம் ஊர் நோயாளிகள்

பாடத்திட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். கேஷுவாலிட்டிக்கு வருபவர்கள் ஊருக்கு ஊர் வேறு.

மஞ்சள் காடும் வாழைத் தோட்டமும் உள்ள பக்கம் பாம்புக்கடி வரும். கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போகும். அதைக் கண்டுபிடிக்க எந்த இயந்திரமும் வேண்டாம். இரண்டு மில்லி ரத்தத்தைப் புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ஓடினால் உறையவில்லை. இதில் நர்ஸ் செய்யும் தவறுகள் மூன்று: பிளாஸ்டிக் குழாய், சோப்புப் போட்டுக் கழுவிய பழைய குழாய், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆவலாய் ஆட்டிப் பார்ப்பது. மூன்றுமே முடிவைப் பொய்யாக்கும். இன்னொரு விஷயத்தையும் மாணவிகளுக்குச் சொல்லிவையுங்கள். இரவில் சாளையில் தரையில் படுத்திருந்தவர், விடியற்காலையில் வயிற்று வலி என்று வருகிறார். கண் இமை கனத்துத் தொங்குகிறது. கடிவாயே தெரியாமல் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். அவரைக் கண் பார்வையிலிருந்து விடக் கூடாது; அடுத்து மூச்சுத் தசைகள் தளரும். விஷமுறிவு மருந்து ஏற்றும்போது, ஒவ்வாமை வந்தால் உடனே போட அட்ரினலின் சிரிஞ்சு நிரப்பிப் பக்கத்தில் இருக்க வேண்டும். அலமாரியில் இருக்கிறது என்பது பதில் இல்லை.

பூச்சிமருந்து வயிற்றுக்குள் போனவர்களுக்கு மாற்று மருந்தான அட்ரோபின் ஓடும்போது நர்ஸின் காதுதான் கருவி. மார்பில் கரகரப்பு திரும்புகிறதா என்று ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மறுபக்கம் உடல் அனலாகி, பிதற்ற ஆரம்பித்து, குடல் சத்தம் நின்றால் மருந்து அதிகமாகிவிட்டது. தலைமுடியையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கையுறையோடு. இதைப் பல பேர் மறக்கிறார்கள்.

தற்கொலை முயற்சி என்று வருபவர்களை, குறிப்பாக சாணிப்பவுடர் (வாசல் தெளிக்கச் சாணிக்குப் பதிலாகக் கரைக்கும் சாயப்பொடி) சம்பவங்களை, இந்த மாவட்டங்களில் வேலை செய்யும் நர்ஸ் பார்க்காமல் இருக்க முடியாது. மாணவி கற்க வேண்டியது நாக்கைக் காப்பது. "இந்த வயதில் இப்படிச் செய்யலாமா?" என்ற ஒரு கேள்வி போதும், அந்தப் பெண் அதன்பின் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டாள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் இவர்களைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர்களாகவே கருதச் சொல்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, மனநல மருத்துவரிடம் அனுப்பும் வரை தனியாக விடாமல் இருப்பதும் சிகிச்சைதான். வீட்டுக்குப் போகும்போது 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணை எழுதிக் கொடுங்கள்.

திருப்பூர், சோமனூர், பல்லடம் பக்கம் வேலைக்குப் போகும் மாணவிகள் ஹிந்தியில் பத்து வாக்கியமாவது கற்றுக்கொண்டு போகட்டும். "தர்த் கஹாங் ஹை?" என்றால் எங்கே வலி. "கப் ஸே?" என்றால் எப்போதிலிருந்து. பனியன் கம்பெனிக்கு வெளி மாநிலங்களிலிருந்து வரும் எல்லோருக்கும் ஹிந்தியும் தெரியாது என்பதால், வலியைப் பத்து விரலில் காட்டச் சொல்லும் வழக்கமும் கைவசம் இருக்க வேண்டும்.

கடைசியாக, நம் சொந்தப் பெரியவர்கள். "மேலுக்குச் சுகமில்லை" என்ற ஒரே வார்த்தை காய்ச்சல் முதல் மாரடைப்பு வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும். "ஒன்றும் இல்லைங்க" என்பது பதிலே அல்ல, வணக்கம் மாதிரி அதுவும் ஒரு மரியாதை. அதற்குப் பிறகு இரண்டாவது கேள்வி ஒன்று வேண்டும்: "நேற்று ராத்திரி தூங்கினீர்களா ஆத்தா? எழுந்து பாத்ரூம் வரை நடந்தீர்களா? நடக்கும்போது மூச்சு வாங்கியதா?" உடம்பைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள், வேலையைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பெண் நோயாளிக்காகக் கணவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தால், "அண்ணா, கீழே போய் இந்தச் சீட்டைக் கொடுத்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டு மறுபடி கேளுங்கள். பாதி நேரம் கதை மாறிவிடும்.

ஏழாம் படி: தன் உடம்பு

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும், ஆறு மாத கால அளவில், வேலையில் சேரும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அதற்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளட்டும். ஊசிக்கு மூடி மாட்டாதே, வெள்ளைப் பெட்டியில் போடு. குத்திவிட்டால் பிதுக்காதே, சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவு, உடனே இன்சார்ஜிடம் சொல். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் பயன் இல்லை, 28 நாள் தொடர வேண்டும். திட்டுக்குப் பயந்து மறைத்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். மூன்று மாதம் அவள் தூங்கவில்லை.

நைட் டியூட்டிக்கு அறிவுரை சொல்லி அலுத்துவிட்டது, இருந்தாலும்: நள்ளிரவில் பரோட்டா வேண்டாம், மோர்ச்சோறு போதும். காலையில் பகல் வெளிச்சத்தில் இரண்டு பஸ் மாறி ஊருக்குப் போய், மாலையில் திரும்பி வந்து மறுபடி நைட் பார்க்கும் பழக்கம் ஒரு வாரத்தில் ஆளைச் சாய்க்கும். தொடர்ந்து நைட் இருக்கும் வாரம் ஹாஸ்டலிலேயே தூங்கச் சொல்லி, முதலிலேயே பெற்றோரிடம் பேசிவிடுங்கள். "பிள்ளை வீட்டுக்கே வருவதில்லை" என்ற பேச்சு அப்போது வராது.

எட்டாம் படி: காகிதங்கள்

சான்றிதழ் கையில் வந்ததும் முதல் வேலை தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு. பதிவு எண் இல்லாமல் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்க முடியாது. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைக் கவனித்து வர வேண்டும். வெளிநாடு போகிறவர்கள் பெரும்பாலும் அனுபவச் சான்று கேட்கப்படுவார்கள் என்பதால், முதல் வேலையை எந்தப் பிரிவில் தேர்ந்தெடுக்கிறோம் என்பது அப்போதே முக்கியமாகிவிடும்.

நேர்காணலில் சம்பளத்துக்கு அடுத்து மூன்று கேள்விகள் கேட்கட்டும்: நைட்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள், புதியவருக்கு எத்தனை வாரம் கூடவே ஒருவர் இருப்பார், உள்புகார் குழு யார் யார். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தாக வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் நகல் மட்டும் கொடுக்கவும். நான் சேர்ந்த இடத்தில் என் அசல் மதிப்பெண் பட்டியலைப் பதினான்கு மாதம் பீரோவில் வைத்துக்கொண்டார்கள். வேறு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டிய நாளில்தான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

ஒன்பதாம் படி: முதல் தொண்ணூறு நாள்

இது வார்டு இன்சார்ஜ்களுக்கு. புதியவளைச் சேர்ந்த வாரமே தனியாக நைட்டுக்குப் போடாதீர்கள். ஆள் இல்லை என்பது எனக்கும் தெரியும். குறைந்தது ஆறு வாரம் ஒரே சீனியருடன் ஒரே ஷிஃப்ட். சீனியர் மாறிக்கொண்டே இருந்தால் ஒருவர் சொன்னதை அடுத்தவர் தவறு என்பார். பிள்ளை கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவாள். அந்தச் சீனியர் திறமைசாலியாக இருப்பதைவிடக் கேள்விக்கு முகம் சுளிக்காதவராக இருப்பது முக்கியம்.

வாரம் ஒரு முறை, டீ நேரத்தில், பத்து நிமிடம் பேசுங்கள். "எப்படிப் போகிறது?" என்று கேட்காதீர்கள், "ஒன்றும் இல்லைங்க சிஸ்டர்" என்பாள். "இந்த வாரம் எந்தக் கட்டிலைப் பார்த்துப் பயந்தாய்?" என்று கேளுங்கள்.

மூன்றாம் மாதம் ராஜினாமாக் கடிதம் வரும். எல்லோருக்கும் இல்லை, ஆனால் வரும். கல்லூரி டியூட்டர்களே, அந்த மாதத்தை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு நீங்களே போன் செய்யுங்கள். போன வருடம் நான் அழைத்தபோது ஒரு மாணவி, "வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேனுங்க மேடம்" என்றாள். சம்பளமா, தூரமா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் கை நடுங்குகிறது, அதை யாரிடமும் சொல்லவில்லை என்றாள். வேலையை விட வேண்டாம், வார்டை மாற்றக் கேள் என்றேன். எப்படிக் கேட்பது என்று விழித்தாள். போனிலேயே நான் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் ஆனேன், அவள் அவளாகவே இருந்தாள். நான்கு முறை ஒத்திகை பார்த்தோம். நான்காவது முறை மன்னிப்புக் கேட்காமல் சொல்லி முடித்தாள். அடுத்த திங்கட்கிழமை மெடிக்கல் வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம்.